மாதா குனிஞ்ச வாசல்

வாரும் பிள்ளை, உந்த வாங்கிலிலை இரும். நீர்தானே மிலானிலையிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர்? முகத்தைப் பாக்கவே தெரியுது, எங்கடை பிள்ளை எண்டு. சாட்சியோடை கதைக்கக்கூடாது எண்டு உமக்குச் சொல்லி விட்டிருப்பாங்கள். நீர் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன், நீர் கேட்டுக்கொண்டிரும். கேக்கக்கூடாதெண்டு ஒரு சட்டமும் இல்லையே.

நான் குணநாயகம். ஊர் வேலணை. இந்தப் பலெர்மோவிலை குணமண்ணையின்ரை கடை எண்டு கேட்டா, பழைய சந்தைக்குள்ளை ஆரும் கொண்டுவந்து விடுவினம். இஞ்சை வந்துதான் தலை நரைச்சது. இத்தாலியன் எனக்குத் தண்ணி மாதிரி ஓடும். பிறகேன் மொழிபெயர்ப்பாளர் கேட்டனான் எண்டு பாக்கிறீரோ? மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டா வழக்கு ஒரு ஆறு மாதம் பின்னுக்குப் போகும், அதுக்குள்ளை ஆராவது சமாதானமாப் போயிடுவினம் எண்டு நினைச்சன். ஆனா உந்தப் பெரிய நீதிமன்றம், வாழ்க்கையிலை முதல் தரமா, ஒரு காரியத்தை நேரத்துக்குச் செய்து உம்மை வரப்பண்ணிப் போட்டுது. என்ரை பலன்.

உந்தப் பேப்பர் பாக்குக்குள்ளையோ? மட்டன் ரோல்ஸ். வாசலிலை நிக்கிற காவல்காரனுக்கு ஒண்டு குடுத்தனான். உள்ளை எழுதுற பொம்பிளைக்கு, ரெண்டு பக்கத்து லோயர்மாருக்கு, எல்லாருக்கும் கணக்காக் கொண்டந்தனான். இதை லஞ்சம் எண்டு நினைச்சுப்போடாதையும். பசிச்ச வயித்தோடை ஆரும் நீதி சொல்லக்கூடாது. அங்கை கோப்பி மெசினடியிலை சாம்பல் கோட்டோடை ஒரு மெலிஞ்ச மனிசன் நிக்குது, தெரியுதே? அவர் மட்டும் எடுக்கமாட்டார். தன்ரை கோப்பிக்குத் தானே காசு போடுவார். அவர்தான் சனீன். எல்லா வினையும் அவரிலைதான் துவங்கினது.

சனீன் துப்பறியிற பொலிஸ், எங்கடை ஆக்கள் சொல்லுற மாதிரிச் சொன்னா சி.ஐ.டி. வடக்கு இத்தாலியிலை எங்கையோ மழைக்குள்ளை பிறந்து வளர்ந்த மனிசன். வந்த முதல் கிழமை எங்கடை ஒழுங்கையிலை கோப்பி குடிச்சுப்போட்டுக் காசு குடுத்தவர். கடைக்காரன் நெஞ்சிலை கையை வச்சுக்கொண்டு நிண்டவன் பாவம், பொலிஸ் காசு குடுத்த அதிர்ச்சியிலை. இந்த ஊரிலை ஒரு மனிசன் கோப்பி வாங்கித் தந்தா மறுக்கக்கூடாது. மறுத்தா நான் உன்னோடை சேத்தியில்லை எண்டு அர்த்தம். இவர் ஊர் முழுக்க மறுத்தவர். கண்டறியாத நேர்மை.

தொன் சாரோவைப் பற்றி உமக்குச் சொல்லவேணும். அந்தா, லோயரோடை இருக்கிற பெரியவர். பாரும், கிழவன் எவ்வளவு சாந்தமா இருக்குது. சந்தைக்கு அவர்தான் எல்லாம். ஆனா என்னட்டை ஒரு சதம் வாங்கினதில்லை, அதை நான் எங்கையும் சத்தியம் பண்ணுவன். மாவும் தண்ணிப் போத்தலும் மட்டும் அவற்றை பெறாமகனிட்டை, தம்பியின்ரை பெடியனிட்டை, வாங்கவேணும். கொஞ்சம் விலை கூடத்தான். மாவிலை சிலநேரம் வண்டு இருக்கும். அரிச்சா வண்டு போயிடும். கடையின்ரை கரண்ட் நிண்டா அவருக்கு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், உடனை வரும். ஏன் அடிக்கடி நிக்குது எண்டு நான் கேட்டதில்லை. என்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வந்து முன்கதிரையிலை இருந்தவர். மாலை போட்டு, சந்தனம் பூசி, பக்கத்திலை நிண்டு படம் எடுத்தனாங்கள். அந்தப் படம் கடையிலை லட்சுமி படத்துக்குப் பக்கத்திலை தொங்குது. அது தொங்குற வரைக்கும் என்ரை கண்ணாடியிலை ஒரு கல்லும் விழேல்லை. இதுக்குப் பேர் அன்பு. சனீன் இதுக்கு வேறை பேர் வச்சிருக்கிறார்.

செல்வராணி எண்டு ஒருத்தி. என்ரை கடைக்கு எதிர்க்கடை. புருசன் போனபிறகு வீடுவீடாத் துப்பரவு வேலை செய்து சேத்த காசிலை ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை போட்டவள். அப்பமும் சம்பலும், மத்தியானம் சோறு. கை நல்ல கை, அதை நான் மறைக்கேல்லை. வாய்தான் பொல்லாதது. தொன் சாரோவின்ரை பெறாமகன் தண்ணிப் போத்தலோடை போக, 'எனக்கு வேண்டாம், நான் பெரிய கடையிலை மலிவா வாங்குறன்' எண்டு சொல்லிப்போட்டாள். முகத்துக்கு நேரை. நானெண்டா வாங்கி முகங்கழுவியாவது முடிச்சிருப்பன்.

அடுத்த கிழமை அவளின்ரை பூட்டுக்குள்ளை சுப்பர் குளூ. இஞ்சை அதுதான் பாசை, பிள்ளை. பூட்டுக்குள்ளை பசை போனா, ஆரோ உம்மோடை கோவம் எண்டு அர்த்தம். திறப்புப் போகாது, கடை திறக்கேலாது, சமைச்ச சோறு நாறும். அவள் வந்து ஒழுங்கையிலை நிண்டு கத்தினாள். நான், 'ஆரோ விளையாட்டுப் பெடியள், செல்வராணி, விடு' எண்டன். சமாதானமாப் போகட்டுமெண்டுதானே சொன்னது? அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். நேரை பொலிசுக்குப் போனாள். கூட்டிக்கொண்டு வந்தது சனீனை.

மனிசன் முழங்காலிலை இருந்து பூட்டை மணந்து பாத்தார். பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்டார், ஆர் கண்டது எண்டு. மீன்காரன் நித்திரையாம். இறைச்சிக்காரன் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவனாம். என்னட்டை வந்தார். 'உன்ரை கடை எதிர்க்கடை, விடியத் திறக்கிறனி, ஆரைக் கண்டனி?' எண்டார். கண்ணிலை கட்டரக்ட் எண்டன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்தநாள் வந்து, கண் டாக்குத்தரிட்டை எனக்கு நேரம் எடுத்து வச்சிருக்கிறதாச் சொல்லி, தானே காரிலை கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்குத்தர் அறுவான், இந்த வயசிலை இப்பிடி ஒரு தெளிவான கண்ணைத் தான் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டான். திரும்பி வரேக்கை சனீனின்ரை வாயிலை ஒரு சின்னச் சிரிப்பு மட்டும்.

கண்டனானோ எண்டு கேக்கிறீரோ? ஓம், கண்டனான். விடியக்காலமை, கடைக்கதவை உயர்த்தேக்கை, ஒரு பெடியன் குனிஞ்சு நிண்டவன். நிமிர்ந்து என்னைப் பாத்துத் தமிழிலை 'வணக்கம்' சொன்னவன். நான்தான் அவனுக்கு அந்தச் சொல்லைப் பழக்கினது. நல்ல மரியாதையான பெடியன். பேர் உமக்கு எதுக்கு? எனக்கும் எதுக்கு? உமக்குச் சொல்லுறது வேறை, உள்ளை போய்ச் சொல்லுறது வேறை. உள்ளை கட்டரக்ட்.

பிறகு நடந்ததுதான் விசேசம். செல்வராணி தனக்கு ஆரிலை சந்தேகம் எண்டு காலமை பொலிசிலை சொல்லியிருக்கிறாள். சனீனின்ரை அறைக்குள்ளை, கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னது. மத்தியானம் தொன் சாரோ என்னைக் கூப்பிட்டு, 'உன்ரை ஊர்க்காரி என்ரை பெறாமகனைச் சொல்லுறாளாமே' எண்டார். கோவமில்லை, கவலையோடை கேட்டவர். பின்னேரம் நான் பொலிஸ் கந்தோருக்கு ரோல்ஸ் கொண்டுபோய் நிக்கிறன். சனீனின்ரை மேலதிகாரிக்கு மாதத்திலை ஒருக்கா கொண்டுபோறது, நல்ல மனிசன், உறைப்பெண்டா உயிர். அந்த நேரம் சனீன் மேலதிகாரியின்ரை அறைக்குள்ளை வந்து, எல்லாருக்கும் முன்னாலை கேட்டார். 'நான் கதவைச் சாத்திப்போட்டு எடுத்த வாக்குமூலம் எப்பிடி ஐயா சந்தைக்குப் போனது?'

மேலதிகாரி சிரிச்சார். ரோல்ஸ் வாயிலை இருக்கவே, 'இரு, ஒரு கோப்பி குடி' எண்டார். சனீன் பொக்கெற்றுக்குள்ளையிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேசையிலை வச்சார். 'என்ரை கோப்பிக்கு நான் குடுக்கிறன். உங்கடை கோப்பிக்கு ஆர் குடுக்கிறது எண்டதையும் நான்தான் கண்டுபிடிக்கவேணும்' எண்டு சொல்லிப்போட்டுப் போனார். மேலதிகாரிக்கு விக்கிப்போட்டுது. நான்தான் முதுகிலை தட்டி விட்டனான். எப்பிடி இருக்குது கதை? சாப்பிடுற மனிசனிட்டை கேக்கிற கேள்வியோ அது?

அதோடை சனீனை அங்கை ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கேல்லை. மனிசன் விடேல்லை. மாதாவின்ரை திருநாளுக்குக் கிட்ட என்ரை கடைக்கு வந்தார். ஒரு தேத்தண்ணி குடிச்சுக் காசும் வச்சார்.

அந்தத் திருநாளை விளங்கினாத்தான் மற்றது விளங்கும். கோடையிலை எங்கடை சந்தைக் கோயில் மாதாவைத் தோளிலை காவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா வருவினம். முந்தி இந்த ஊர்ப் பெடியள் காவினவங்கள். இப்ப அவங்கள் ஜேர்மனியிலை. மிஞ்சின ஆக்களுக்கு நாரிப்பிடிப்பு, முதுகு நிமிராது. அதாலை மாதாவைத் தாங்குற முன்தடி எங்கடை ஆக்களுக்கு வந்தது. சைவமோ கிறிஸ்து வேதமோ எண்டு ஆர் பாக்கிறது, சாமி சாமிதான். பாரம் எண்டாப் பொல்லாத பாரம். மணி அடிச்சா நிக்கவேணும். முன்தடிக்காரர் முழங்காலை மடக்கினா மாதா முன்னுக்குச் சரிஞ்சு குனிவா. ஒரு ஒழுங்கையிலை ஒருக்காத்தான் குனிவா. ரெண்டாந்தரம் குனிஞ்சா அந்த வருசம் ஒழுங்கைக்குக் கூடாது எண்டு இஞ்சத்தைச் சனம் நம்புது. எங்கடை ஒழுங்கையிலை மாதா குனியிறது தொன் சாரோவின்ரை பல்கனிக்குக் கீழை. அவர் மேலை நெஞ்சிலை கையை வச்சுக்கொண்டு நிப்பார். கீழை பொலிஸ்காரர் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிப்பினம். அதைப் பாத்துத்தான் சந்தை முழுக்க அடுத்த வருசத்துக்கும் தண்ணிப் போத்தல் வாங்கும்.

எனக்கு அதிலை பிழை ஒண்டும் தெரியேல்லை. ஊரிலையும் உபயகாரர் வீட்டடியிலை சாமி நிக்கும்தானே? இதை நான் சனீனுக்கு விளங்கப்படுத்தினன். அவர் பொறுமையாக் கேட்டுப்போட்டு, 'அந்தப் பல்கனிக்குக் கீழை நீங்கள் முழங்காலை மடக்காதையுங்கோ. நான் கேக்கிறது அவ்வளவுதான்' எண்டார். ஓம் எண்டன். அண்டைக்கே தொன் சாரோவைச் சந்தையிலை கண்டன். 'இந்த வருசமும் வடிவாச் செய், குணம்' எண்டார். ஓம் எண்டன். செல்வராணி வந்து, 'பூட்டுக்குள்ளை திரும்பத் திரும்பப் பசை, குணமண்ணை, நீங்கள் கண்டதை வந்து சொல்லுங்கோ. அல்லாட்டி நான் கடையை மூடவேண்டியதுதான்' எண்டு அழுதாள். அவளுக்கும் ஓம் எண்டன். முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லி ஆற்றையும் மனதை நோகடிக்கிற பழக்கம் எனக்கில்லை. அது வளர்ப்பு.

திருநாள் வந்துது. நான் முன்தடியிலை, வலது பக்கம். தொன் சாரோவுக்கு மடக்கிறது எண்டுதான் முடிவெடுத்து வச்சிருந்தனான். சனீனுக்குப் பிறகு, 'கால் வழுக்கிப்போட்டுது' எண்டு சொல்லலாம். எங்கடை ஒழுங்கைக்குள்ளை திரும்பினம். சனீன் முடக்கிலை சுவரோடை நிக்கிறார். வியர்வை கண்ணுக்குள்ளை வழியுது. நிமிர்ந்து பாக்கிறன்.

செல்வராணியின்ரை கடை வாசலிலை, அந்தப் பசை பூசின பூட்டுக்கு முன்னாலை, வெள்ளைத்துணி விரிச்ச ஸ்ரூல். அதிலை நிறைகுடம். மாவிலைக்குப் பதிலா எலுமிச்சை இலை, மேலை தேங்காய், பக்கத்திலை குத்துவிளக்கு எரியுது. அவள் ஈரத்தலையோடை, செருப்பைக் கழட்டிப்போட்டு, கைகூப்பிக்கொண்டு நிக்கிறாள்.

நீர் இத்தாலியிலை பிறந்த பிள்ளை. உமக்குத் தெரியுமோ தெரியாது. நிறைகுடம் வச்ச வாசலிலை சாமி நிக்காமல் போறேல்லை. ஏழையோ பணக்காரனோ, ஆற்றை வாசலெண்டாலும் நிக்கவேணும். பதினாலு வயசிலை பிள்ளையாரைக் காவத் துவங்கின தோள் இது. மணி அடிக்கேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை கால் நிண்டிட்டுது. முன்தடியிலை நிண்ட எங்கடை ஆக்கள் எல்லாற்றை காலும் நிண்டிட்டுது. நிண்டா, முழங்கால் தன்ரை பாட்டிலை மடங்குது. மாதா குனிஞ்சா, பூட்டின கடைக்கு.

 பிறகு மீன்காரன், அந்த நித்திரைக்காரன்தான், கை தட்டினான். அதோடை முழு ஒழுங்கையும் தட்டிச்சுது. செல்வராணி நிலத்திலை விழுந்து கும்பிட்டாள். எனக்கும் கண் கலங்கினது உண்மை, அது விளக்குப் புகை. பல்கனியடிக்கு வந்தம். மணிக்காரன் அடி அடியெண்டு அடிக்கிறான். பின்தடியிலை நிண்ட இந்த ஊர்க்காரர், 'குனிஞ்சு முடிஞ்சுது, ரெண்டாந்தரம் குனியக்கூடாது, நட' எண்டு தள்ளினாங்கள். தொன் சாரோ நெஞ்சிலை வச்ச கையோடை அப்பிடியே நிண்டார். நாங்கள் கடந்து போனபிறகும் கையை எடுக்கேல்லை. பெறாமகன்தான் வந்து பல்கனிக் கதவைச் சாத்தினவன்.

ஆற்றை மூளை இது எண்டு நான் பிறகு அவளைக் கேட்டன். 'நான் மாதாவுக்குத்தான் வச்சனான், அண்ணை' எண்டாள். சனீன் முதல்நாள் அவளிட்டை வந்து, உங்கடை ஊரிலை சாமியை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு கேட்டவராம். கேட்டதுக்குப் பதில் சொன்னவளாம். அவ்வளவுதானாம். ரெண்டு பேரும் சேந்து என்ரை காலைக் களவெடுத்துப் போட்டினம்.

சனீனுக்கு உடனை பதவி உயர்வு குடுத்தவை. கடலுக்கு நடுவிலை ஒரு சின்னத் தீவு. அங்கை மீன் பிடிக்கக்கூடாத இடத்திலை ஆர் பிடிக்கினம் எண்டு துப்பறியிறது. மனிசன் அங்கையிருந்தும் விடாமல் எழுதி எழுதித்தான் இந்த வழக்கு இஞ்சை வந்து நிக்குது. உறைப்புப் பிரியர் மேலதிகாரியும் இப்ப விசாரணைக்குப் போய் வாறார், பாவம், மெலிஞ்சு போனார். எல்லாரும் செல்வராணியின்ரை வழக்கைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். அவளுக்குச் சாட்சி நான் ஒருத்தன்தான். நான் காணேல்லை எண்டா அவள் பொய் சொன்னவள், சனீன் விசரன், எல்லாரும் வீட்டை போகலாம். அவள் கடையை மட்டும் விட்டிட்டுப் போவாள்.

எனக்கு என்ன நடந்தது எண்டு நீர் கேக்கேல்லையே. திருநாள் முடிஞ்ச கையோடை நான் தொன் சாரோ வீட்டை ரோல்ஸ் கொண்டுபோனன், விளங்கப்படுத்த. கதவு திறக்கேல்லை. உள்ளை ரேடியோ கேக்குது. அடுத்தநாள் விடிய என்ரை பூட்டுக்குள்ளை திறப்புப் போகேல்லை. பசை. அந்தப் படம் உள்ளை தொங்கிக்கொண்டிருக்கவே.

நான் கடைப்படியிலை இருந்திட்டன். எதிர்க்கடையிலையிருந்து செல்வராணி வாறாள், கையிலை கேத்திலிலை சுடுதண்ணி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி, ஒரு ஊசி. அவளுக்கு இப்ப அது கைவந்த வேலை. முழங்காலிலை இருந்து ஊசியாலை கிண்டி, ஊத்தி, துடைச்சு, மத்தியானத்துக்குள்ளை பூட்டைத் திறந்து தந்தாள். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எனக்குத்தான் சும்மா இருக்க ஏலேல்லை. 'ஆரோ விளையாட்டுப் பெடியள்' எண்டன். அவள் கேத்திலை எடுத்துக்கொண்டு எழும்பினாள். 'ஓம் அண்ணை, விளையாட்டுப் பெடியள்தான்' எண்டு சொல்லிப்போட்டுப் போனாள்.

அந்தச் சொல்லு இருக்குதே, பிள்ளை. நான் அதை அவளுக்கு நல்ல மனதோடைதான் சொன்னனான். அவள் எந்த மனதோடை சொன்னாள் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறன்.

சரி, கூப்பிடுறாங்கள். என்ரை பேரை எப்பிடிக் கொலை பண்ணுறான் பாரும், குணநாயகம் எண்டதை. எழும்பும். நான் சொன்னது ஞாபகமெல்லே: கட்டரக்ட், கண்ணுக்குள்ளை பனிப்புகார், ஒண்டும் தெரியேல்லை. தொன் சாரோவைக் கடந்து போகேக்கை நான் ஒரு வணக்கம் சொல்லுவன், நீரும் தலையை ஆட்டும். பாத்தீரே, மனிசன் மற்றப் பக்கம் திரும்பிப்போட்டுது. பக்கத்திலை பெறாமகன் பெடியன் சிரிக்கிறான். என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறான். 'வணக்கம்' எண்டுறான்.

காலமை சனீன் இந்தப் பாக்கைப் பாத்துப்போட்டு என்ன சொன்னவர் தெரியுமோ? சாட்சி சொல்ல வாறவன் வெறுங்கையோடை வாறதாம். பெரிய கதை.

அங்கை, கதவடியிலை, செல்வராணி ஏன் எழும்பி நிக்கிறாள்? நீதவான் வந்தாத்தானே எழும்புறது. கையைக் கூப்பிக்கொண்டு வேறை. கீழை பாரும், செருப்பையும் கழட்டிப்போட்டாள், விசரி. நான் என்ன, சாமியோ?

கொஞ்சம் பொறும் பிள்ளை. கால் நிண்டிட்டுது.

இல்லை, எனக்கு ஒண்டுமில்லை. தண்ணி வேண்டாம். நீர் இரும். உள்ளை வரத் தேவையில்லை. மிலானிலையிருந்து இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை அலைக்கழிச்சதுக்குக் குறை நினையாதையும். இத்தாலியன் எனக்குத் தண்ணி மாதிரி ஓடும், நான் சொன்னனானெல்லே. நீனோ எண்டு அந்தப் பெடியன்ரை பேரைச் சொல்லுறதுக்கு மொழிபெயர்ப்பாளர் எதுக்கு?

இந்தப் பாக்கைப் பிடியும். பசிச்சா ஒண்டு எடுத்துச் சாப்பிடும், ஆறிப்போகும்.